சத்தம் போட்டுப் படித்த சம்பந்தி பாஷை

ஆயுளில் பாதியைக் கொதிகலன் அருகே கழித்தும் ஒருநாளும் எங்களிடம் கொதித்துப் பேசாத எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவரே. வரவேற்புரை என்ற பெயரில் எனக்கு ஒதுக்கிய நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கும் செயலாளர் அண்ணன் அவர்களே. வருவாரா, மாட்டாரா என்று நாங்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்து, வருவார் என்று சொன்னவர்களின் மானத்தைக் காத்த மேலாளர் ஐயா அவர்களே. ஈரத்துணி சுமந்து தோள் காய்த்த தாய்மார்களே. ஆவியில் வெந்து அடுத்த நாளும் வந்து நிற்கும் அண்ணன்மார்களே. அம்மா வேலை செய்யும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்து, துணி வண்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளே. உங்கள் எல்லோருக்கும் இந்த மடிப்பு மேசைக்காரியின் வணக்கம்.

முதலில் ஒரு புதுமையைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது.

சிரிக்காதீர்கள். எத்தனை ஆண்டுகளாக இந்தச் சலவைக் கூடத்தில் ஒன்றாக வேலை செய்கிறோம்? என் குரல் எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் கத்தல் தெரியும். என் கை ஜாடை தெரியும். சாப்பிட்டாயா என்பதற்கு ஒரு ஜாடை, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு ஜாடை, அவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதற்கு இன்னொரு ஜாடை. அதை மேடையில் செய்து காட்ட முடியாது. ஆண்டில் இந்த ஒரு நாள்தான், நம் சங்க ஆண்டு விழாவுக்காக, இந்த எந்திரங்கள் வாயை மூடுகின்றன. இன்றுதான் நமக்கு வாய் திறக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "கட்டணமில்லா இணையப் பாடங்கள் வழியே அயல்மொழி கற்பதன் பயன்கள்." செயலாளர் அண்ணன் வைத்த தலைப்பு. தலைப்பிலேயே மூச்சு வாங்குகிறது. பயன்களை நான் பட்டியல் போடப்போவதில்லை. ஓர் அக்காவின் கதையைச் சொல்லப்போகிறேன். நம் உருளை அக்காவின் கதையை.

அக்கா இப்போது இந்தக் கூடத்தில் இல்லை. அவருடைய மகள், கடல் தாண்டிய ஒரு தேசத்தில், இன்று காலை பிரசவ அறைக்குள் போயிருக்கிறாள். அக்கா கையில் தொலைபேசியோடு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எந்த இடம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதுவரை கதவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவர்கள், நடுநடுவே என்னையும் கொஞ்சம் பாருங்கள். நானும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேலாளர் ஐயாவுக்காகச் சொல்கிறேன். யார் இந்த உருளை அக்கா? அதோ நிற்கிறதே இஸ்திரி உருளை, ஒரு வீட்டு வாசல் அகலத்துக்கு, அதன் வாய்க்கு நேரே நிற்பவர். மருத்துவமனைகளிலிருந்து வரும் விரிப்புகளை நாங்கள் வெளுக்கிறோம், உலர்த்துகிறோம். அவர் அவற்றை உருளைக்கு ஊட்டுகிறார். ஆம், ஊட்டுகிறார். நுனியைப் பிடித்து, சுருக்கம் நீவி, குழந்தைக்குச் சோறு கொடுப்பதுபோலத்தான் கொடுப்பார். நேற்று உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் படுத்திருந்தால், அவர்கள் முதுகுக்குக் கீழே சுருக்கமில்லாமல் இருந்த விரிப்பு அக்காவின் கை நீவிய விரிப்பு.

அவருக்கு ஒரே மகள். செவிலியர் படிப்பு படித்தாள், வெளிநாட்டில் வேலை கிடைத்தது, போனாள், அந்த நாட்டுக்காரர் ஒருவரையே திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை நல்லவர். போட்டோவில் பார்த்தோம், நல்ல உயரம். "டிரையர் மேல ஒட்டடை அடிக்க ஏணியே வேண்டாம்" என்று, தலைவருக்குப் பிறகு கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் நம் பாய்லர் அண்ணன் சொன்னார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது.

அந்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா இருக்கிறார். நம் வழக்கில் சொன்னால் சம்பந்தி அம்மா. அவருக்கு அவருடைய மொழியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அக்காவுக்கு நம் மொழியைத் தவிர வேறெதுவும் தெரியாது. நடுவில் மகள். வாரத்துக்கு ஒரு வீடியோ அழைப்பு. அக்கா கேட்பார், "உடம்பு எப்படி இருக்கு, என் பொண்ணு ஒழுங்கா சாப்பிடுறாளா, கேளுடி." மகள் கேட்பாள். அந்தம்மா பேசுவார், பேசுவார், கையை ஆட்டிப் பேசுவார், ஒருமுறை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். மகள் திரும்பி இந்தப் பக்கம் சொல்வாள்: "நல்லா இருக்காங்களாம்மா. உன்னையும் விசாரிச்சாங்க."

அக்கா விடுவாரா?

"ஏன்டி, அந்தம்மா அவ்வளவு நேரம் பேசினாங்க. நீ ரெண்டே வார்த்தை சொல்றே. மிச்சம் எங்கடி போச்சு?"

"அவ்வளவுதாம்மா சொன்னாங்க."

"கண்ணைத் துடைச்சுக்கிட்டா நல்லா இருக்கேன்னு சொன்னாங்க?"

"தூசிம்மா."

தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாதா? மகள் தூசி என்று சொன்னால் அது தூசியா? அதிலும் அப்போது மகள் கருவுற்றிருந்தாள். அக்காவால் போய்ப் பார்க்க முடியாது. அந்த நாட்டின் கதவு நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. மகளைத் தொட்டுப் பார்க்கக் கை எட்டாது. கையெட்டும் தூரத்தில் இருப்பவர் ஒருவர்தான், அந்தச் சம்பந்தி அம்மா. அவரிடம் நேருக்கு நேர் பேசிவிட வேண்டும். அந்த மிச்சத்தை வாங்கிவிட வேண்டும். இதுதான் அக்காவின் ஆசை.

மறுநாள் என்னிடம் வந்தார். "ஏ வாயாடி, போன்ல எல்லாம் கத்துக்கலாமாமே. சம்பந்தி பாஷை இருக்கான்னு பாரு."

பார்த்தேன். இருந்தது. காசு கேட்கவில்லை. சான்றிதழ் கேட்கவில்லை. எத்தனையாவது வரை படித்தாய் என்று கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து எல்லா வாசலிலும் நம்மை அந்தக் கேள்விதானே வரவேற்கிறது? முதன்முறையாக ஒரு வாசல், "வா, உட்கார்" என்றது. அந்தப் பாடத்தைச் செய்தவர்கள் யாரோ, எந்த ஊர்க்காரர்களோ, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். நான் மனதாரத்தான் சொல்கிறேன்.

ஆனால் முதல் பாடத்தின் முதல் வரியில் எழுதியிருந்தார்கள்: "அமைதியான ஓர் இடத்தில் அமர்ந்துகொள்ளுங்கள்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் உலர்த்தும் எந்திரம் ரயில்போல ஓடிக்கொண்டிருந்தது.

அமைதியான இடம் எங்கே இருக்கிறது? இங்கே இருக்கிறதா? சாப்பிடும் இடத்தில் இருக்கிறதா? சாப்பிடும் இடத்துக்கும் பிழியும் எந்திரத்துக்கும் நடுவே ஒரு தகரச் சுவர். அது பாதுகாப்பா, பறையா? வீட்டில் இருக்கிறதா? அக்கா வீட்டின் வலப்பக்கம் லாரிப் பட்டறை, இடப்பக்கம் மாவு மில். நம்மில் யார் வீட்டில் தனியாக ஓர் அறை இருக்கிறது, கை தூக்குங்கள். ஒருவர். யாரது? ஐயா, நீங்கள் மேடையில் இருக்கிறீர்கள், உங்களைக் கேட்கவில்லை.

சரி, என்ன செய்தோம்? உருளையில் கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கிறது. தொலைபேசியை ஆவி படாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, துணிக் கிளிப்பால் டிராலியின் கம்பியில் மாட்டினோம். அது ஒரு வாக்கியம் சொல்லும். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் திரையில் பச்சைக் குறி விழும்.

அக்கா சொன்னார். பச்சை விழவில்லை. "மீண்டும் முயலுங்கள்" என்றது. மறுபடி சொன்னார். "மீண்டும் முயலுங்கள்." பாவம், அந்தத் தொலைபேசிக்கு அக்காவின் குரலா கேட்கிறது? அதன் காதில் எந்திரம் அல்லவா இரைகிறது? மூன்றாவது முறை அக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. விரிப்பை உருளைக்குள் தள்ளிக்கொண்டே, அடிவயிற்றிலிருந்து, இந்தக் கூரைத் தகடு அதிர ஒரு சத்தம் போட்டார்.

பச்சை விழுந்தது.

அன்றைக்குப் பிடித்தது பாருங்கள். கத்தினால் பச்சை. கத்தாவிட்டால் மீண்டும் முயலுங்கள். அக்கா கத்தினார், எதிரே விரிப்பு வாங்கும் பெண் கத்தினாள், மடிப்பு மேசையில் நான் கத்தினேன், எங்கோ தள்ளி நின்ற பாய்லர் அண்ணன் எதற்கென்றே தெரியாமல் கத்தினார். என்ன வாக்கியம்? வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள், நலமா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள், அப்புறம் என்ன காரணமோ, "என் மாமாவிடம் ஒரு குதிரை இருக்கிறது" என்று கற்றுக்கொடுத்தார்கள்.

ஆமாம், பின்வரிசைக்கு ஞாபகம் வந்துவிட்டது. சொல்லுங்கள், சொல்லுங்கள், எல்லோரும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் என்னைப் பேச விடமாட்டீர்கள்.

கேட்டீர்களா ஐயா, உச்சரிப்பு எப்படி? இந்தக் கூடத்தில் யாருடைய மாமாவிடமும் ஒரு சைக்கிளுக்கு மேல் எதுவும் இல்லை. ஆனாலும் மழை மாதம் முழுக்க நாங்கள் குதிரை மேல்தான் போய்க்கொண்டிருந்தோம். வேலை குறைந்ததா? இல்லை. விரிப்பு கருகியதா? இல்லை. ஒவ்வொரு விரிப்பும் ஒரு வாக்கியத்தோடு உருளைக்குள் போனது. நோயாளிகள் சம்பந்தி பாஷையின் மேல் படுத்து எழுந்தார்கள்.

அக்கா தேறிவிட்டார். தேறிவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு விடுமுறை நாளில், மகளுக்குச் சொல்லாமல், சம்பந்தி அம்மாவின் எண்ணுக்கு அக்காவே நேராக வீடியோ அழைப்புப் போட்டார். முகம் கழுவி, தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்து. பக்கத்தில் நான். அந்தப் பக்கம் சம்பந்தி அம்மா வந்தார். வெள்ளைத் தலை, சின்ன முகம், திகைத்த சிரிப்பு. அக்கா ஆரம்பித்தார்.

எப்படி ஆரம்பித்தார்? எப்படிப் படித்தாரோ அப்படித்தான். "வணக்கம். நான் அம்மா. என் மகள் எங்கே? என் மகள் சாப்பிட்டாளா?"

வார்த்தை ஒவ்வொன்றும் சரி. பச்சைக் குறி விழும் அளவுக்குச் சரி. ஆனால் நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்த அம்மா, முதன்முதலாக உங்களோடு நேராகப் பேசுகிறார். கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க, என் மகள் எங்கே என்று அலறுகிறார். என்ன தோன்றும் உங்களுக்கு?

சம்பந்தி அம்மாவின் சிரிப்பு போனது. முகம் வெளுத்தது. ஏதோ சொன்னார். அக்காவுக்குப் புரியவில்லை, பதற்றத்தில் இன்னும் சத்தமாகக் கேட்டார். அழைப்பு அறுந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள் கூப்பிட்டாள். "அம்மா, அத்தையை ஏம்மா திட்டினே? அழுதுட்டு உக்காந்திருக்காங்க."

"நான் எங்கடி திட்டினேன்? நலம் விசாரிச்சேன்."

"அதுவா நலம் விசாரிக்கிறது? சம்பந்திங்க சண்டை போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். வணக்கத்திலயே ஆரம்பிப்பாங்கன்னு தெரியாது."

அதன்பிறகு அக்கா கூப்பிட்டால் சம்பந்தி அம்மா எடுப்பதில்லை. மகளோடு பேசும்போதும் அந்தம்மா திரைக்கு வருவதில்லை. இருந்த ஒரு கதவும் சாத்திக்கொண்டது. மகளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா விரிப்பை உருளைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. டிராலிக் கம்பியில் தொலைபேசி சும்மா தொங்கியது. எந்திரச் சத்தம் இருந்தும் கூடம் வெறிச்சென்று இருந்தது, அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் நேரே கேட்கிறேன். இது யார் செய்த பிழை? அக்காவின் பிழையா? அவருக்குப் படிப்பு வரவில்லையா? வந்தது. வயதானவரா, மந்தமா, அக்கறை இல்லையா? எதுவும் இல்லை. மெல்லப் பேசிப் படிக்க ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். பாடம் இலவசம் என்கிறார்கள். பாடம் இலவசம்தான். அமைதி இலவசமா? உட்கார ஒரு மூலை இலவசமா? உலகத்தில் உள்ள அறிவெல்லாம் இதோ இந்தக் கையளவு கண்ணாடிக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எடுத்துக்கொள்கிறோம். எங்கே வைத்துப் படிக்க? தலைமேல் வைத்தா?

மேலாளர் ஐயா தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும். இனிமேல்தான் அவருக்கு வேண்டிய கட்டம் வருகிறது.

இந்தச் சலவையகத்தில் அமைதியான அறை ஒன்று இருக்கிறது. அதில் யார் இருக்கிறார்கள்? விரிப்புகள் இருக்கின்றன. வெளுத்த விரிப்பு, மடித்த விரிப்பு, தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய விரிப்பு. கதவைச் சாத்தினால் எந்திரச் சத்தத்தை அந்தத் துணியெல்லாம் குடித்துவிடும். நம் காலடிச் சத்தம்கூட நமக்குக் கேட்காது. விரிப்புக்கு அமைதி எதற்கு, சொல்லுங்கள்? விரிப்பு என்ன பரீட்சைக்கா படிக்கிறது?

அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பவர், நம் சாவி அண்ணன். தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள் அண்ணே, நல்லதைத்தான் சொல்லப்போகிறேன். நான் போய்க் கேட்டேன். சாப்பாட்டு வேளையில் மட்டும், அக்கா கொஞ்ச நேரம் உள்ளே உட்காரட்டும் என்று.

"விரிப்பு அழுக்காயிடும்மா," என்றார்.

அக்கா பின்னாலேயே நின்றார். "என் வாயிலேர்ந்து என்ன சேறா கொட்டுது? இந்த விரிப்பு எல்லாத்தையும் தொட்டு உள்ள அனுப்பினதே நான்தான்யா. அப்ப அழுக்காகலையா?"

அண்ணன் யோசித்தார். "காலைக் கழுவிட்டு வாங்க. தலையில தொப்பி போட்டுக்கங்க," என்றார். சாவி திரும்பியது.

மெல்லப் பேசுவது எளிது என்று நினைக்கிறீர்களா? அக்கா குரலைத் தணித்தால் மொழியே மறந்துபோனது. கத்தினால்தான் வார்த்தை வந்தது. தொண்டைக்குப் பழகிய வழி அது ஒன்றுதானே? அவர் முனகுவார், பாதியில் நின்றுவிடுவார், திடீரென்று முழு வாக்கியமும் வெடித்துக்கொண்டு வரும். மூலையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் சாவி அண்ணன் தலையைத் தூக்காமலே சொல்வார்: "அக்கா, விரிப்பெல்லாம் முழிச்சுக்கும்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அக்காவின் கை சும்மா இருக்கிறது. கையில் துணி இல்லாமல் அவர் அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஒரு தலையணை உறையை எடுத்துக் கொடுத்தேன். மடித்தார். பிரித்தார். மடித்தார். வார்த்தை வந்தது. மெல்ல வந்தது. தாலாட்டுபோல வந்தது. மொழியை இவ்வளவு அழகாகப் பேச இந்த அக்காவுக்குத் தெரியுமா என்று நானே அப்போதுதான் பார்த்தேன். எந்தப் பாடமும் சொல்லித்தராத பாடம் அது.

சரி, மெல்லப் பேச வந்துவிட்டது. சம்பந்தி அம்மா எடுக்க வேண்டுமே? அதற்கும் ஒரு வழி செய்தோம். தொலைபேசியை எடுத்துக்கொண்டு இந்தக் கூடத்தின் நடுவே நின்று, எல்லா எந்திரமும் ஓடும்போது கொஞ்ச நேரம் அந்த இரைச்சலைப் பதிவு செய்தேன். பிறகு விரிப்பு அறைக்குள் போனோம். கதவைச் சாத்தினோம். அதே பதிவில் அக்கா மெல்லப் பேசினார்: "இது என் வேலை இடம். உங்கள் மொழியை இங்கேதான் படித்தேன். நான் சண்டை போடவில்லை. மன்னியுங்கள்."

அனுப்பினோம். அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில், விரிப்புகளுக்கு நடுவே, அக்காவின் தொலைபேசி அடித்தது. சம்பந்தி அம்மா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தலையணை உறையை மடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த அந்தம்மாவும் பக்கத்துக் கூடையிலிருந்து எதையோ எடுத்து மடிக்க ஆரம்பித்தார். சின்னச் சின்னச் சட்டைகள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு. அதற்கப்புறம் பேசினார்கள்.

புரியாதபோதெல்லாம் அக்கா, "மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். அந்த வாக்கியம் பாடத்தில் இருந்தது. அந்தம்மா மெதுவாகச் சொன்னார். அக்கா வாங்கிக்கொண்டார். துண்டு துண்டாக, வார்த்தை வார்த்தையாக, அந்த மிச்சத்தை வாங்கிக்கொண்டார்.

என்ன மிச்சம்? மகள் எழுந்து நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி மாதக்கணக்காகிறது. படுக்கையிலேயே இருக்கிறாள். தூக்கத்தில் "அம்மா" என்று கூப்பிடுகிறாள். அந்த ஒரு வார்த்தை சம்பந்தி அம்மாவுக்குத் தெரியும். கூப்பிடும்போதெல்லாம் இவர் எழுந்து போகிறார். அவள் கண் திறந்து பார்க்கிறாள், இவர் முகத்தைப் பார்த்ததும் ஏமாந்துபோகிறாள். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் அந்தம்மா. அன்று வீடியோவில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது இதைத்தான். "நல்லா இருக்காங்களாம்மா" என்று இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது இதுதான்.

அக்கா அழவில்லை. தலையைத் தடவிக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். தடவு என்பதற்கு வார்த்தை தெரியவில்லை. பாடத்தில் குதிரை இருந்தது, தடவு இல்லை. கையிலிருந்த தலையணை உறையை மடியில் வைத்து, நெற்றியிலிருந்து பின்னந்தலை வரை எப்படி நீவ வேண்டுமோ அப்படி நீவிக் காட்டினார். எத்தனை ஆயிரம் விரிப்பை நீவிய கை அது. அந்தப் பக்கம் அந்தம்மா ஒரு சின்னச் சட்டையை மடியில் வைத்து, பார்த்துப் பார்த்து நீவினார். "இப்படியா?" "இன்னும் மெதுவாக." "இப்படியா?" "ஆமாம்."

மூலையில் சாவி அண்ணன் கணக்கை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலையே அக்கா மகளைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட மறைச்சிட்டியே."

"நீ அழுவேன்னுதாம்மா."

"அழுதா என்னடி? எனக்கு அழத் தெரியாதா? அழுதுட்டு வேலைக்குப் போகத் தெரியாதா?" பிறகு கேட்டார்: "தடவினாங்களா?"

"ம்."

"நான் தடவுற மாதிரி இருக்கா?"

"கிட்டத்தட்ட இருக்கும்மா."

இதை எனக்குச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் இருந்த வெளிச்சம் இந்தக் கூடத்து விளக்கையெல்லாம் சேர்த்துப் போட்டாலும் வராது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மேலாளர் ஐயா ஒருநாள் விரிப்பு அறைக்கு வந்தார். உள்ளே ஒரு மனுஷி உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தார். அது தூய்மைப் பகுதி, அங்கே ஆள் உட்காரக் கூடாது என்றார். சாவி அண்ணனுக்கு ஒரு மெமோ வந்தது. அறை பூட்டப்பட்டது. விரிப்புகள் மறுபடி நிம்மதியாகத் தூங்கின.

ஐயா, உங்கள் முகத்துக்கு நேராகவே பேசுகிறேன். முதுகுக்குப் பின்னால் பேசுவது எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் இன்று மைக் இருக்கிறது. விரிப்புக்கு அறை இருக்கிறது. எந்திரத்துக்கு உதிரிப்பாகம் வைக்க அறை இருக்கிறது. பின்பக்கம், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்க ஓர் அறை இருக்கிறது. உடைந்த நாற்காலிக்கு ஓய்வெடுக்க அறை உண்டு, உடைந்துபோகாமல் உழைக்கும் ஆளுக்கு உட்கார அறை இல்லையா? நாங்கள் கேட்பது விரிப்பு அறையை அல்ல. அந்த நாற்காலி அறையைக் கொடுங்கள். நாற்காலிகளை நாங்களே சரி செய்துகொள்கிறோம். சுவருக்குப் பழைய விரிப்பு மாட்டிச் சத்தத்தை நாங்களே அடைத்துக்கொள்கிறோம். சாப்பாட்டு வேளையில் ஒரு கதவு, சாத்தினால் மூடிக்கொள்ளும் ஒரு கதவு, அவ்வளவுதான். இந்தக் கூடத்தில் இன்று எத்தனை பேர் என்னென்ன மொழி படிக்கிறார்கள் தெரியுமா? பாய்லர் அண்ணன்கூடப் படிக்கிறார். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். இவர்களெல்லாம் கத்தியே படிக்கட்டும், உலகத்தோடு பேசும்போதெல்லாம் சண்டைக்கு வந்தவர்கள் மாதிரியே தெரியட்டும் என்று விட்டுவிடப்போகிறீர்களா? எங்களைப் பார்த்து, இவர்களுக்கு மெதுவாகப் பேசவே தெரியாது என்று எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்? தெரியாமல் இல்லை ஐயா. எங்களுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

இப்போது முதலில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். உருளை அக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறார்? இந்த நிமிடம், அந்த விரிப்பு அறைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்திரம் நின்றால் என்ன, இங்கே என் தொண்டையும் இந்த ஒலிபெருக்கியும் ஓடிக்கொண்டிருக்கின்றனவே. அவர் கால் கழுவித்தான் போனார், தொப்பி போட்டுத்தான் போனார். பூட்டைத் திறந்தது யார் என்று கேட்கிறீர்களா? தாய்மார்களே, அண்ணன்மார்களே, அந்தப் பூட்டைத் திறந்தது யார்?

பாருங்கள் ஐயா. எத்தனை கை. குழந்தைகள்கூடத் தூக்கியிருக்கிறார்கள். மெமோ அடிக்கக் காகிதம் போதுமா?

தலைவர் ஐயா, நீங்களுமா? உங்கள் கையைப் பார்த்ததும்...

பொறுங்கள். கொஞ்சம் பொறுங்கள். கதவு திறக்கிறது.

அக்கா வருகிறார். வழி விடுங்கள். அந்த டிராலியை நகர்த்துங்கள். குழந்தைகளே, ஓரமாக வாருங்கள். அக்கா, மெதுவா வாங்க. என்னாச்சு? சொல்லுங்க.

என்ன?

கேக்கலக்கா.

உறவுகளே, இந்தச் சலவையகத்தின் வரலாற்றில் முதன்முறையாக உருளை அக்கா பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. பின்வரிசை, "சத்தமா சொல்லுக்கா" என்று கத்துகிறது. அக்கா உதட்டில் விரல் வைக்கிறார். தொலைபேசியைக் காட்டுகிறார். மேடைக்கே வந்துவிட்டார். என் காதில் சொல்கிறார். நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

பெண் குழந்தை. தாயும் நலம், பிள்ளையும் நலம்.

கை தட்டாதீர்கள். தட்டாதீர்கள், சொல்வதைக் கேளுங்கள். சம்பந்தி அம்மா இன்னும் அழைப்பில்தான் இருக்கிறார். அவர் தோளில் குழந்தை தூங்குகிறதாம். இப்போதுதான் தூங்கியதாம். சத்தம் போட்டால் முழித்துக்கொள்ளும். மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் தணியுங்கள், தம்பி. இன்னும். போதும்.

மேலாளர் ஐயாவே எழுந்து உதட்டில் விரல் வைத்துப் பின்வரிசையை அடக்குகிறார். நன்றி ஐயா. விரலை எடுக்க வேண்டாம். நாற்காலி அறையைக் கேட்டேனே, அதற்கு விரலை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

ஆட்டினார். எல்லோரும் பார்த்தீர்களா? சம்மதமா, கழுத்து வலியா என்பது நாளைக்குத் தெரியும். செயலாளர் அண்ணே, நீங்களும் பார்த்தீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்தம்மாவுக்கு நாம் எல்லோரும் ஏதாவது சொல்ல வேண்டாமா? நமக்கெல்லாம் சேர்ந்தாற்போலத் தெரிந்த வாக்கியம் ஒன்றுதான் இருக்கிறது. சொல்வோம். ஆனால் மெதுவாக. கையில் துணி இல்லாதவர்கள் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூங்கும் பிள்ளை தூக்கம் கலையாமல், சம்பந்தி பாஷையில், ஒரே குரலாக.

என் மாமாவிடம் ஒரு குதிரை இருக்கிறது.

கேட்கிறதா? அந்தப் பக்கம் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

பொறுமையாக இருந்து கேட்ட பெரியவர்களுக்கும், கையைத் தூக்கிய அத்தனை பேருக்கும், இன்று ஒரு நாள் ஊமையாக நின்ற எந்திரங்களுக்கும் நன்றி. எழுந்திருக்கும்போது நாற்காலியை இழுக்காதீர்கள். தூக்கி வையுங்கள்.

வணக்கம்.